அரசு கொடுத்த பணம் வங்கியிலேயே ஏன் நின்றுவிடுகிறது?

நீங்கள் கேட்டது இது: பொருளாதாரம் சரியும்போதெல்லாம் அரசும் மத்திய வங்கியும் வங்கிகளுக்குப் பெருந்தொகை தருவதாகச் செய்தி வருகிறது. ஆனால் அதே மாதங்களில் சிறு தொழில் நடத்துகிறவர் கடன் கேட்டுப் போனால் கையை விரிக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பணம் எங்கே போயிற்று, தேவைப்பட்டவர்கள் கையிலேயே கொடுத்திருக்கலாமே? எழுத்தில் இருப்பது இரண்டு கேள்விகள். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கோபத்தைப் பார்த்தால் மூன்றாவதும் ஒன்று இருக்கிறது: வங்கிகள் ஏமாற்றுகின்றனவா?

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் இருந்தவன். சிறு, நடுத்தரத் தொழில்களின் விண்ணப்பங்களைப் படித்து 'கொடுக்கலாம்', 'வேண்டாம்' என்று குறிப்பு எழுதுவதுதான் வேலை. இரண்டு பெரிய சரிவுகளை அந்த நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். மேசையின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தவன் என்பதால் கொஞ்சம் உப்பைச் சேர்த்தோ குறைத்தோ படித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில் ஏமாற்று குறைவு, பயம் அதிகம். அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

வங்கிக்கு இரண்டு விதமான பஞ்சம் வரும். ஒன்று ரொக்கப் பஞ்சம். டெபாசிட் போட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள், மற்ற வங்கிகள் கைமாற்று தர மறுக்கின்றன. மற்றது மூலதனப் பஞ்சம். கொடுத்த கடன்கள் மூழ்கி, நட்டம் வந்தால் தாங்குவதற்கென்று பங்குதாரர்கள் போட்டு வைத்த சொந்தப் பணம் கரைகிறது. செய்தியில் இரண்டுக்கும் 'வங்கிகளுக்கு உதவி' என்று ஒரே தலைப்புதான். முன்னதை மத்திய வங்கி சில மணி நேரத்தில் தீர்த்துவிடும், ஏனென்றால் ரொக்கத்தை உண்டாக்குவதே அதன் தொழில். பின்னது அப்படித் தீராது.

ஒரு வங்கி 100 கோடி கடன் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 92 கோடி மக்கள் போட்ட டெபாசிட், 8 கோடி வங்கியின் சொந்தப் பணம். பாசெல் விதிகள் என்ற பெயரில் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒழுங்குமுறை, ஆபத்துக்கேற்ப எடைபோட்ட கடன் தொகையில் குறைந்தது 8 சதவீதம் மூலதனம் வேண்டும் என்கிறது. (அதற்கு மேலும் காப்பு அடுக்குகள் உண்டு, இந்தக் கணக்குக்கு அவை தேவையில்லை.) இப்போது சரிவு வந்து 3 கோடி மூழ்கிவிட்டது. நூற்றுக்கு மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் டெபாசிட்காரர்களுக்கு முழுப் பணத்தையும் தந்தே ஆக வேண்டும் என்பதால் அந்த 3 கோடி சொந்தப் பணத்திலிருந்துதான் கழியும். 8 கோடி 5 கோடி ஆகிறது. 5 கோடியை வைத்துக்கொண்டு 8 சதவீத விதிப்படி எவ்வளவு கடனைத் தாங்கலாம்? 62.5 கோடி. மீதமிருக்கும் கடன் 97 கோடி. ஆக, மூழ்கியது 3 கோடி, சுருக்க வேண்டியது 34.5 கோடி. அல்லது யாராவது புதிதாக 2.76 கோடி மூலதனம் போட வேண்டும். சரிவு நேரத்தில் வங்கிப் பங்கை யார் வாங்குவார்கள்?

சரி, சுருக்குவது என்று முடிவாயிற்று. எங்கே சுருக்குவது? வீட்டுக் கடனை இருபது வருடத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, பாதியில் கேட்க முடியாது. பெரிய நிறுவனத்தின் ஆலைக் கடனும் அப்படித்தான். அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்ளக் கொடுத்து, வருடா வருடம் புதுப்பிக்கும் நடைமுறை மூலதன லிமிட்டும் (கடன் வரம்பும்) இன்னும் கையெழுத்தாகாத புது விண்ணப்பங்களும்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சிறு தொழில்காரர் நிற்பது சரியாக அந்த இடத்தில். அவர் தொழில் மோசம் என்பதற்காக மட்டும் அவர் கடன் நிற்பதில்லை, நிறுத்த முடிகிற கடன் என்பதற்காகவும் நிற்கிறது. இதை எந்த மறுப்புக் கடிதத்திலும் எழுத மாட்டார்கள். நானும் எழுதியதில்லை.

இங்கே அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 2008 ஆகஸ்டில் அமெரிக்க வங்கிகள் கட்டாய அளவுக்கு மேல் அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் வைத்திருந்த இருப்பு சுமார் 200 கோடி டாலர். அடுத்த ஜனவரியில் அது கிட்டத்தட்ட 80,000 கோடி டாலர். 'பார், பதுக்கிவிட்டார்கள்' என்று அன்று எழுதாதவர் குறைவு. ஆனால் அந்த இருப்பு, ஃபெடரல் ரிசர்வே கடன் கொடுத்தும் சொத்துகளை வாங்கியும் உண்டாக்கிய பணம். ஒரு வங்கி கடன் கொடுத்தால் அது இன்னொரு வங்கியின் கணக்குக்கு நகருமே தவிர, மக்கள் ரொக்கமாக எடுத்தால் ஒழிய, மொத்தத்தில் குறையாது. எல்லா வங்கிகளும் தாராளமாகக் கடன் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் தெரிந்திருக்கும். பெட்டியில் கிடக்கும் நோட்டை எடுத்துக் கொடுப்பது போல வங்கி கடன் கொடுப்பதில்லை. கடனைப் பதிவு செய்யும்போதே உங்கள் கணக்கில் டெபாசிட் பிறந்துவிடுகிறது. அதைத் தடுப்பது பெரும்பாலும் பெட்டியின் அளவு அல்ல. மூலதனமும், திரும்பி வருமா என்ற சந்தேகமும்தான்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் இது பளிச்சென்று தெரிந்தது. சிறிய, நடுத்தர நிதி நிறுவனங்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு ரிசர்வ் வங்கி 25,000 கோடி ரூபாயைக் குறைந்த வட்டியில் ஏலத்துக்கு வைத்தது. வங்கிகள் கேட்டது 12,850 கோடி மட்டும். அதே ஏப்ரல் 15 அன்று வங்கிகள் தங்களிடம் மிஞ்சிக் கிடந்த 6.9 லட்சம் கோடி ரூபாயை ரிசர்வ் வங்கியிடமே ரிவர்ஸ் ரெப்போவில், அதாவது குறுகிய கால வட்டிக்கு, வைத்திருந்தன. பணம் மலிவாகக் கிடைக்கிறது என்பது கடன் கொடுக்கக் காரணமாகாது. 4 சதவீதத்துக்கு வாங்கி 10 சதவீதத்துக்குக் கொடுத்தாலும், அசல் மூழ்கினால் அந்த 6 சதவீத லாபத்தைச் சேர்த்து நட்டத்தை அடைக்கப் பதினாறு பதினேழு நல்ல கடன்கள் வேண்டும்.

அதிகாரியின் மேசைக்கு வருகிறேன். கொடுத்த கடன் மூழ்கினால் கோப்பைத் தேடி வருவார்கள், விளக்கம் கேட்பார்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும். கொடுக்காத கடனுக்கு விசாரணை கிடையாது. அந்தத் தொழில் மூடப்பட்டால் 'பார்த்தீர்களா, கொடுத்திருந்தால் மூழ்கியிருக்கும்' என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும், கடன் கிடைக்காததால்தான் மூடப்பட்டது என்றாலும். நான் பார்த்த முதல் சரிவில், கிளைக்கு இருந்த அனுமதி அதிகாரம் முழுவதும் ஒரே சுற்றறிக்கையில் மேலிடத்துக்குப் போனது. மேலிடத்தில் இருப்பவர் விண்ணப்பதாரர் முகத்தைப் பார்த்தவர் இல்லை, துறையின் பெயரைத்தான் பார்ப்பார். ஒழுங்காகப் பத்து வருடம் தவணை கட்டிய ஒருவருக்கு நான் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வாரமே 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்திருப்பார். அது இன்னும் உறுத்துகிறது.

அரசு உதவியைப் பார்க்கும்போது நான் எப்போதும் தேடுவது ஒன்றுதான்: நட்டம் வந்தால் யார் தலையில்? தொகை எவ்வளவு என்பது அப்புறம். ஒரு திட்டம் கடனை நகர்த்துமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

மூலதனம் போடும் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலருக்கு அனுமதி தரும் சட்டம் வந்தது. கெட்ட சொத்துகளை, அதாவது திரும்பி வராது என்று பயந்த கடன்களையும் அவற்றின் மேல் எழுதிய பத்திரங்களையும், வாங்கப்போவதாகச் சொல்லித்தான் அதை நிறைவேற்றினார்கள். இரண்டு வாரத்துக்குள் மனம் மாறி, வங்கிகளில் நேரடியாக மூலதனம் போடுவதாக அறிவித்தார்கள். ஒன்பது பெரிய வங்கிகளுக்கு மட்டும் 12,500 கோடி டாலர் ஒதுக்கி, பிறகு மொத்தம் எழுநூறுக்கும் மேற்பட்ட வங்கிகளில் ஏறத்தாழ 20,500 கோடி டாலர் போட்டார்கள். முதல் ஐந்தாண்டுகளுக்கு 5 சதவீதம், பிறகு 9 சதவீதம் ஈவுத்தொகை. அதிகாரிகளின் சம்பளத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. 'இவ்வளவு கடன் கொடுத்தே ஆக வேண்டும்' என்ற நிபந்தனை மட்டும் இல்லை. வங்கிகளில் போட்டதைவிட அதிகமாகவே அரசுக்குத் திரும்பி வந்தது என்பது உறுதி. வங்கிகள் வரிசையாகச் சாய்வது நின்றது என்பதையும் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதனால் புதுக் கடன் எவ்வளவு கூடியது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. மூலதனம் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அளக்க வழி கிடையாது, அதுதான் சிக்கல்.

அந்த ஆண்டின் கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. 2008 கடைசியில் வங்கிகளின் மொத்தத் தொழில் கடன் நிலுவை குறையவில்லை, சில வாரங்கள் கூடவும் செய்தது. அதைக் காட்டி 'நெருக்கடியே இல்லை' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். உண்மையில் பெரிய நிறுவனங்கள் முன்பே வாங்கி வைத்திருந்த லிமிட்டிலிருந்து அவசர அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தன. பெரிய கடன்தாரர்களுக்கான புதுக் கடன் அந்தக் கடைசிக் காலாண்டில், முந்தைய காலாண்டை ஒப்பிட 47 சதவீதம் விழுந்திருந்தது என்று பிறகு ஓர் ஆய்வு காட்டியது. எனவே மொத்த நிலுவையை மட்டும் காட்டி யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். முன்பே லிமிட் வாங்கி வைத்தவருக்கு ஒரு சரிவு, வாங்காதவருக்கு வேறொரு சரிவு.

இனி உத்தரவாதம். என் மேசையில் உண்மையாகவே விளைவை ஏற்படுத்திய உதவி இதுதான். பிரிட்டனில் 2020 மார்ச்சில் வந்த முதல் திட்டத்தில் அரசு 80 சதவீத நட்டத்தை ஏற்றது, மீதி 20 வங்கியுடையது. 20 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த 20-க்காக வங்கி முழு விசாரணையும் செய்தாக வேண்டும், ஆகவே கடன் ஆமை வேகத்தில் போனது. மே 4 அன்று சிறிய கடன்களுக்கு, 2,000 முதல் 50,000 பவுண்டு வரை, 100 சதவீத உத்தரவாதத்தோடு வேறொரு திட்டத்தைத் திறந்தார்கள். வட்டி 2.5 சதவீதம், முதல் ஆண்டு வட்டி அரசு கட்டும், விண்ணப்பதாரர் தானே தகுதியை உறுதிசெய்து படிவம் நிரப்பினால் போதும். சுமார் 15 லட்சம் கடன்கள், ஏறத்தாழ 4,700 கோடி பவுண்டு, மடமடவென்று போய்விட்டது. ஜெர்மனியிலும் அதே கதை. அரசு வளர்ச்சி வங்கியின் 80, 90 சதவீதப் பொறுப்போடு தொடங்கினார்கள், சில வாரங்களில் 100 சதவீதத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதன் விலை என்னவென்றும் சொல்ல வேண்டும். தன் பணம் ஒரு பைசாவும் போகாது என்றால் வங்கி எதற்குத் தோண்டித் துருவ வேண்டும்? பிரிட்டனில் போலி நிறுவனங்கள், ஊதிக் காட்டிய விற்றுமுதல் என்று மோசடி பெருகியது. அதை அரசு கையாண்ட விதத்தைக் கண்டித்து, மோசடித் தடுப்புக்குப் பொறுப்பான அமைச்சரே 2022 ஜனவரியில் நாடாளுமன்ற மேலவையில் பேசிவிட்டு ராஜினாமா செய்துவிட்டு நடந்தார். வேகமும் சோதனையும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் கடன் கோப்பு ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காதவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தியா 2020 மே மாதத்தில் அறிவித்த அவசரக் கடன் திட்டம் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தது. 3 லட்சம் கோடி ரூபாய்க்கு முழு உத்தரவாதம், ஆனால் ஏற்கெனவே வங்கிக் கடன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த நிலுவையில் 20 சதவீதம் வரை. அடையாளம் தெரிந்தவர், பழைய கணக்கு இருக்கிறது, ஆகவே போலி நுழைவது கடினம். புத்திசாலித்தனமான வடிகட்டிதான். ஆனால் இதுவரை வங்கிப் பக்கமே போகாமல், கடனே வாங்காமல் தொழில் நடத்தியவர் வெளியே நின்றார். ஒழுக்கமாக இருந்ததற்குத் தண்டனை என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சிறு நிறுவனங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வங்கிகள் வழியாக அரசு தந்த, அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடனிலும் இதே சாயல் இருந்தது. 34,900 கோடி டாலர் 2020 ஏப்ரல் 3 முதல் 16-க்குள் தீர்ந்துபோனது. வங்கிகள் தங்கள் பழைய வாடிக்கையாளர்களை முன்னால் அனுப்பின, வங்கி உறவு இல்லாத சின்னக் கடைக்காரர் வரிசையின் கடைசிக்குப் போனார்.

மலிவு ரொக்கத்தைக் கடனோடு நேரடியாகக் கட்டிப்போடும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2012-இல் பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து, எவ்வளவு நிகரக் கடன் கூட்டுகிறீர்களோ அவ்வளவு மலிவாகப் பணம் என்றது. வீட்டுக் கடன் வட்டி நன்றாகவே இறங்கியது. சிறு தொழில் கடன் அசையவில்லை. அடுத்த ஆண்டு இறுதியில், இனி வீட்டுக் கடனுக்கு இந்தச் சலுகை இல்லை என்று மாற்ற வேண்டியதாயிற்று. வீடு அடமானமாக நிற்கிறது, தொழிலில் நம்பிக்கைதான் நிற்கிறது. எந்தப் பக்கம் பணம் ஓடும் என்பதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

அதிகமாகக் கடன் கொடுப்பது எப்போதும் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1990-களில் ஜப்பானிய வங்கிகள் கடன் கொடுத்துக்கொண்டேதான் இருந்தன, யாருக்கு என்பதுதான் கேள்வி. மூழ்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் மூலதனம் கரையும் என்பதால், பழைய கடனுக்கு வட்டி கட்டவே புதுக் கடன் கொடுத்து, செத்த நிறுவனங்களை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். உயிருள்ள போட்டியாளருக்குப் போக வேண்டிய பணம் அங்கே போனது. 1998-இல் அரசு போட்ட 1.8 லட்சம் கோடி யென் போதவில்லை. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 7.5 லட்சம் கோடி யென் போட்டார்கள். மூலதனத்தை அரைகுறையாகப் போட்டால் வங்கி பிணத்தைத்தான் தொடர்ந்து பராமரிக்கும், போதுமான அளவு போட்டால்தான் நட்டத்தை ஒப்புக்கொண்டு ஆரோக்கியமான நிறுவனங்களுக்குக் கொடுக்கும் என்று அந்த அனுபவத்தைத் தோண்டியவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஸ்வீடன் 1992-இல் செய்தது வேறு. டெபாசிட் உட்பட வங்கிகளின் கடப்பாடுகளுக்கு அரசு பொறுப்பேற்றது, கெட்ட சொத்துகளைத் தனி நிறுவனங்களுக்குப் பிரித்தது, விழுந்த வங்கியைத் தானே எடுத்துக்கொண்டது. நட்டத்தை முதலில் பங்குதாரர் தலையில் வைத்துவிட்டுத்தான் வரிப்பணத்தைத் தொட்டார்கள். எனக்கு அந்த வரிசை பிடிக்கும்.

நேராகக் கையில் கொடுத்தால் என்ன என்ற உங்கள் கேள்வி, நினைப்பதைவிட வலுவான கேள்வி. மூன்று மாதம் கடை மூடியிருந்தவருக்குப் போனது வருமானம், கடன் அதைத் திருப்பித் தராது. இல்லாத வருமானத்தை வருங்கால வருமானத்திலிருந்து வட்டியோடு எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வேலைநேரம் குறைந்த தொழிலாளிக்கு இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் என்று ஜெர்மனி நெடுங்காலமாகத் தரும் உதவியில் வங்கி நடுவில் இல்லை. ஆனால் அதற்கு யார், எங்கே, என்ன சம்பளம் என்ற பதிவேடு முன்பே அரசிடம் இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில், மக்களின் கணக்கு வைத்திருக்கும் ஒரே அமைப்பு வங்கி என்பதால் அரசு அதன் வழியாகப் போகிறது. அமெரிக்காவில் சம்பளப் பாதுகாப்புக் கடன் பின்னர் பெரும்பாலும் தள்ளுபடி ஆனது, அதாவது கடன் வேடம் போட்ட மானியம் அது. இருந்தும் அதில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரைதான் வேலை இழந்திருக்கக்கூடியவர்களுக்குப் போய்ச்சேர்ந்தது என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. மீதி முதலாளிகளிடமும் கடன் கொடுத்தவர்களிடமும் நின்றது. எனவே நேரடி மானியம் என்றாலே குறி தப்பாது என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் சொந்த விண்ணப்பத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது, கோப்பைப் பார்க்காமல் சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். பொதுவாக நான் பார்த்தது இது. கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போதே வருகிறவருக்கு வாய்ப்பு அதிகம், கடைசி வாரத்தில் வருகிறவர் எவ்வளவு நல்லவரானாலும் பயமுறுத்துவார். 'கடன் கொடுங்கள்' என்று மட்டும் கேட்காமல், எந்தெந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். விற்பனை பாதியானால் என்ன செய்வீர்கள் என்ற கணக்கும் அதில் இருக்கட்டும். அந்தத் தாள்தான் மேலிடத்துக்குப் போகும், உங்கள் முகம் போகாது. உத்தரவாதத் திட்டம் நடப்பில் இருந்தால் அதன் பெயரைச் சொல்லி, அதன் கீழ் பரிசீலித்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். திட்டம் பற்றிய சுற்றறிக்கையைக் கிளையில் யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள், நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தவணையைத் தள்ளிவைக்கிறோம் என்றால் சரி, ஆனால் தள்ளிவைப்பு தள்ளுபடி அல்ல, அந்த மாதங்களின் வட்டி எப்படிச் சேரும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற பதில் மூன்று வாரத்துக்கு மேல் நீண்டால் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுங்கள்.